வேலியும் களையெடுப்பும்: வீட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் ஒட்டுண்ணித் தடுப்பு

ஜாலான் புசார் என்னும் மலாய்ப் பெயருக்குப் பெரிய சாலை என்பது பொருள். அதற்கு மேற்கே, சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதி ஒரு காலத்தில் கண்டாங் கெர்பாவ் என்று வழங்கியது. எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். ரோச்சோர் ஆற்று நீரும் சதுப்புநிலத்துப் புல்லும் தாராளமாகக் கிடைத்தமையால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு மாட்டு வணிகம் செழித்தது. மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயரும் எருமையின் பெயரும் இவ்வட்டாரத் தெருக்களில் இன்றும் நிலைத்திருக்கின்றன.

தொழுவங்கள் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் விலங்கோடும் பறவையோடும் சேர்ந்து வாழும் வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. சிராங்கூன் சாலையோரத்துக் கிளி சோதிடரை நம்மில் பலர் அறிவோம். அடுக்குமாடி வீட்டு முகப்புகளில் வெள்ளைக்கண்ணியும் சோலைபாடியும் மெர்போக் என்னும் சிறுபுறாவும் கூண்டுக்குள்ளிருந்து பாடுகின்றன. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் உரிமம் பெற்றுப் பூனை வளர்க்கவும் வழி பிறந்துள்ளது. அன்று தொழுவத்தில் நின்ற விலங்கு இன்று நம் படுக்கையறைக்கே வந்துவிட்டது. ஆகவே அதன் உடலில் வாழும் உயிர்களைப் பற்றியும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

சொல் காட்டும் வழி

மாட்டோடும் கோழியோடும் பழகிய நம் முன்னோர் இவ்வுயிர்களுக்குத் தனித்தனிப் பெயர் இட்டிருந்தனர். மாட்டின் காதோரத்தில் இரத்தம் குடித்துப் பருத்துத் தொங்குவது உண்ணி. நாயின் மயிரிடையே தாவித் திரிவது தெள்ளுப்பூச்சி. கோழியின் இறகடியில் ஊர்வது செள். இவற்றோடு குடலுக்குள் வாழும் உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு ஆகியவற்றையும் சேர்த்து ஒட்டுண்ணிகள் என்று இன்றைய அறிவியல் தமிழ் வகைப்படுத்துகிறது. பிறிதோர் உயிரை ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. பெயரிலேயே இலக்கணம் அடங்கிவிட்டது.

ஆனால், இவற்றுக்கு எதிராகக் கொடுக்கப்படும் மருந்தைக் குறிக்க நாம் கையாளும் ‘தடுப்பு மருந்து’ என்னும் சொல் நம்மைச் சற்றே திசைதிருப்பக்கூடியது. தடுப்பு என்றதும் தடுப்பூசி நினைவுக்கு வருகிறது. தடுப்பூசி, கிருமியை இனங்கண்டு எதிர்க்கும் ஆற்றலை உடலுக்குப் பயிற்றுகிறது; ஊசி போட்டுப் பல மாதங்கள் கழிந்த பின்னும் அப்பயிற்சி உடலில் தங்கியிருக்கும். ஒட்டுண்ணி மருந்து உடலுக்கு எதையும் பயிற்றுவதில்லை. உள்ளே புகுந்துவிட்ட ஒட்டுண்ணியை, அது முதிர்ந்து கேடு செய்வதற்கு முன் அழிப்பதே அதன் வேலை.

உழவர் மொழியில் சொன்னால், இம்மருந்து வேலி போன்றதன்று, களையெடுப்பைப் போன்றது. களை முளைக்கவே முளைக்காது என்று எந்த உழவரும் எண்ணுவதில்லை. பூத்து விதை சிந்துமுன் பிடுங்கிவிட வேண்டும் என்றே எண்ணுவார். எனவே களையெடுப்புக்குப் பருவம் முதன்மையானது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு, எந்த மருந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது, ஏன் தவறவிடக் கூடாது என்பவை தாமே விளங்கும்.

கொசு சுமந்து வரும் இதயப்புழு

கொசு ஓர் ஒட்டுண்ணியைச் சுமந்து செல்ல முடியும் என்பதை முதலில் காட்டியவர் பாட்ரிக் மேன்சன். சீனாவின் அமோய் நகரில் பணியாற்றிய அவர், யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுவின் இளம் உருக்கள் கொசுவின் உடலில் வளர்வதை 1877ஆம் ஆண்டில் கண்டார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே அடுத்த உயிரைப் பற்றும் முழுச் சுழற்சியை 1898ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் நிறுவினார். அந்த ஆய்வுக்கு அவர் பயன்படுத்தியவை கூண்டில் அடைத்த சிட்டுக்குருவி முதலிய சிறு பறவைகள். பறவைகளைத் தாக்கும் மலேரியாவே மனித மலேரியாவின் புதிரை அவிழ்க்க உதவியது. 1902ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

நாயின் இதயப்புழுவும் இதே வழியில்தான் பரவுகிறது. நோயுற்ற நாயின் இரத்தத்தை உறிஞ்சும் கொசுவினுள் புழுவின் இளம் உருக்கள் செல்கின்றன. நம் நாட்டு வெப்பநிலையில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அவை தொற்றும் பருவத்தை எய்துகின்றன. அக்கொசு அடுத்த நாயைக் கடிக்கையில் அவை தோலுக்குள் இறங்கி, தசையினூடே நகர்ந்து, இரண்டு மூன்று மாதத்தில் நுரையீரலின் இரத்தக் குழாய்களை அடைகின்றன. ஆறேழு மாதத்தில் முதிர்ந்து இனம் பெருக்குகின்றன. முதிர்ந்த பெண்புழு 25 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிர் வாழும். இதயத்தின் வலப்புறத்திலும் நுரையீரல் குழாய்களிலும் இத்தகைய புழுக்கள் பின்னிக் கிடக்கும் நாய் இருமும், இளைக்கும், இறுதியில் மூச்சுத் திணறும்.

மாதந்தோறும் கொடுக்கப்படும் மருந்து இங்கே என்ன செய்கிறது? இன்று கொடுக்கும் மருந்து, வரும் மாதத்துக் கொசுக்கடியைத் தடுப்பதில்லை. கடந்த மாதத்துக் கடிகளின் வழியே புகுந்து இன்னும் தோலடியில் இருக்கும் இளம் புழுக்களை அது கொல்கிறது. ஏறத்தாழ ஐம்பது நாளைக் கடந்து அடுத்த பருவத்தை எட்டும் புழுக்கள் மருந்துக்கு எளிதில் மடிவதில்லை. ‘இரண்டு மாதம் மறந்துவிட்டேன், இம்மாதம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்’ என்பது ஏன் பொருந்தாது என்பது இப்போது புரியும். தப்பிய புழுவுக்கு இருமடங்கு மருந்து விடையாகாது.

இடைவெளி விழுந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அப்பரிசோதனை முதிர்ந்த பெண்புழு வெளியிடும் பொருளையே காட்டும். இளம் புழுக்களைக் காட்டாது. ஆதலால் ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொசுவினுள் புழு வளர்வதில்லை. நமக்கு அந்த ஓய்வுக்காலம் இல்லை. ஆண்டின் பன்னிரண்டு மாதமும் கொசுவின் பருவமே.

சிங்கப்பூரில் இனங்காணப்பட்ட ஒரு நோய்

உண்ணியைப் பற்றிய பாடம் ஒன்று நம் மண்ணிலேயே கிடைத்தது. 1963ஆம் ஆண்டளவில், இங்கு நிலைகொண்டிருந்த பிரிட்டிஷ் படையின் நாய்களிடையே இனந்தெரியாத நோய் ஒன்று தோன்றியது. நாய்கள் காய்ச்சலால் மெலிந்தன; மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது; இரத்த அணுக்கள் எல்லா வகையிலும் குறைந்தன. சில ஆண்டுகளில் இந்நோய் வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படை நாய்களையும் தாக்கி, நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பலிகொண்டது. வெள்ளை அணுக்களுக்குள் குடியேறும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதைச் சுமந்து வந்தது பழுப்பு நாயுண்ணி.

இவ்வுண்ணி ஏனைய உண்ணிகளைவிட நம் வீடுகளுக்கு நெருக்கமானது. புதரோ காடோ இல்லாமல், ஒரே வீட்டுக்குள் தன் வாழ்க்கை முழுவதையும் நடத்த வல்லது. இரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவரேறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் நாம் காணும் நான்கு உண்ணிகள், சுவரிடுக்கில் காத்திருக்கும் ஒரு பெருங்கூட்டத்தின் முன்னணிப் படை மட்டுமே.

தெள்ளுப்பூச்சியின் நிலையும் இதுவே. முதிர்ந்த பூச்சிகள் மொத்தத் தொகையில் இருபதில் ஒரு பங்குதான் என்பர். எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன.

இன்று நாய்க்கு வாய்வழி கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் பெரும்பாலும் உண்ணியை விரட்டுவதில்லை. உண்ணி கடித்து இரத்தம் குடித்த பின்னரே, அந்த இரத்தத்தில் கலந்துள்ள மருந்தால் மடிகிறது. எர்லிக்கியாவோ கடித்த சில மணி நேரத்திலேயே பரவக்கூடும். எனவே மாத்திரை கொடுத்தாயிற்று என்று இருந்துவிடாமல், உலாவி வந்த நாயின் காது மடலையும் விரலிடுக்குகளையும் தடவிப் பார்ப்பதும், அது படுக்கும் துணியை வெந்நீரில் துவைப்பதும், சுவரிடுக்கை அடைப்பதும் தேவையாகின்றன. வேலி என்று சொல்லத் தக்கவை இவையே.

குடற்புழுவும் குழந்தைகளும்

குடற்புழு மருந்தின் ஆற்றல் பெரும்பாலும் கொடுத்த ஓரிரு நாளோடு முடிந்துவிடுகிறது. அன்று குடலில் இருக்கும் புழுவை அது நீக்கும். மறுவாரம் விழுங்கும் முட்டையைத் தடுக்காது. ஆகவே இதன் கால இடைவெளியைப் புழுவின் வாழ்க்கையே வகுக்கிறது.

நாய்க்குட்டியின் உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுகிறது. ஆகவேதான் கண் திறந்த சில நாளில், இரண்டாம் வாரத்திலேயே, முதல் மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்கிறது. பூனைக்குட்டிக்கு அது தாய்ப்பாலின் வழியே வருகிறது. ஆகவே மூன்றாம் வாரத்தில் தொடங்குவர். நாடாப்புழு ஒன்று தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் வளர்கிறது. மேனியைக் கடித்து நக்கும் நாயும் பூனையும் பூச்சியோடு புழுவையும் விழுங்குகின்றன. பூச்சியை ஒழிக்காமல் நாடாப்புழு மாத்திரை மட்டும் கொடுப்பவர் அடுத்த மாதமும் அதே மாத்திரையைத் தேட நேரிடும்.

இது விலங்கின் நலத்தோடு நிற்பதில்லை. உருளைப்புழுவின் முட்டை மண்ணிலிருந்து குழந்தையின் கைக்கும் வாய்க்கும் சென்றால், குடலில் வெடித்த இளம்புழு ஈரலிலும் கண்ணிலும் அலைந்து பார்வையைக்கூடப் பாதிக்கலாம். இலங்கையின் பெயரைத் தாங்கி, ஆன்கிலோஸ்டோமா சிலோனிக்கம் என வழங்கும் கொக்கிப்புழு நாய், பூனை, மனிதர் ஆகிய மூவரின் குடலிலும் முதிர்ந்து வாழ வல்லது. தொற்றுள்ள மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து அது நுழைகிறது.

இதில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. உருளைப்புழுவின் முட்டை, வெளிவந்த உடனே தொற்றுவதில்லை. தொற்றும் நிலையை அடைய அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் மண்ணில் கிடக்க வேண்டும். நாயின் கழிவை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்தினால் அச்சங்கிலி அங்கேயே அறுந்துபோகிறது. விட்டுவிட்டாலோ, அம்முட்டை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிர்ப்புடன் இருக்கும்.

கூண்டுப் பறவைக்கு மருந்து எப்போது?

வீட்டுக்குள் தனியே வளரும் கிளிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து தேவையா என்று பலர் வினவுகின்றனர். மண்தரையில் பலவகைப் பறவைகள் கலந்து வாழும் பெருங்கூண்டில் உருளைப்புழு பரவுவது இயல்பு; அங்கே முறையான மருந்து வேண்டும். கம்பித் தட்டின்மேல் தனித்து வாழும் பறவை தன் எச்சத்தையோ பிற பறவையின் எச்சத்தையோ கொத்த வாய்ப்புக் குறைவு. அதற்குக் கண்மூடி மருந்து கொடுப்பதைவிட எச்சத்தைப் பரிசோதிப்பதே மேல். அடர்ந்த உப்புக் கரைசலில் எச்சத்தைக் கலக்கினால், அதைவிட எடை குறைந்த புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கி அவற்றைக் காட்டிவிடும். பள்ளி ஆய்வகத்தில் கற்பிக்கப்படும் அடர்த்தி என்னும் பாடமே இங்கு மருத்துவமாகிறது.

பறவையின் மேனியில் வாழும் சிற்றுண்ணிகள் வேறு கதை. பட்ஜரிகர் என்னும் சிறுகிளியின் அலகிலும் மூக்கடியிலும் தேன்கூடு போன்ற துளைகளுடன் பொருக்குப் படிந்தால், அது தோலைத் துளைத்து வாழும் சிற்றுண்ணியின் வேலை. செஞ்சிற்றுண்ணியோ இரவில் மட்டும் வந்து இரத்தம் குடித்துவிட்டு, பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்துகொள்ளும். பகலில் பறவையை எவ்வளவு ஆராய்ந்தாலும் அது அகப்படாது. இரவில் கூண்டை வெள்ளைத் துணியால் மூடி, விடியலில் துணியின் மடிப்புகளைப் பார்த்தால் சிவப்புப் புள்ளிகளாகத் தென்படும். இங்கே மருந்தைப் போலவே கூண்டும் கவனத்துக்குரியது.

கூண்டில் தொங்கவிடும் பூச்சிவில்லைகளைச் சிலர் நம்புகின்றனர். பறவையின் நுரையீரலும் காற்றுப்பைகளும் காற்றிலுள்ளதை மிக விரைவாக இரத்தத்தில் சேர்க்கும் அமைப்புடையவை. அந்துருண்டை போன்ற ஆவியை நாள் முழுதும் மூச்சில் ஏற்பது பூச்சிக்கு முன்னே பறவையை வருத்தும்.

ஒரு துளியின் கணக்கு

இத்தகைய மருந்துகளில் புகழ்பெற்றது ஐவர்மெக்டின். ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்துக் கவானாவில் எடுத்த மண்ணிலிருந்து சத்தோஷி ஓமுரா பிரித்த நுண்ணுயிரும், அதன் சாற்றில் புழுக்கொல்லியைக் கண்டறிந்த வில்லியம் கேம்பல் குழுவின் உழைப்பும் அதைத் தந்தன. 1981ஆம் ஆண்டில் கால்நடை மருந்தாக வெளிவந்தது. 1987ஆம் ஆண்டு முதல், ஆப்பிரிக்க மக்களின் பார்வையைப் பறித்த ஆற்றுக்குருட்டு நோய்க்கு அது இலவசமாக வழங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

அந்த மருந்தே அளவு மீறினால் நஞ்சாகும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். பட்ஜரிகரின் எடை ஏறத்தாழ 35 கிராம். பறவைகளுக்கு மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அவ்வாறாயின் அப்பறவைக்கு வேண்டியது 7 மைக்ரோகிராம். மாட்டுக்கான 1 விழுக்காட்டு ஊசிமருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 10,000 மைக்ரோகிராம் உள்ளது. ஒரு துளி 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், அதில் 500 மைக்ரோகிராம். ஆகவே ‘ஒரே ஒரு துளிதானே’ என்று விடுவது, வேண்டிய அளவைப்போல் எழுபது மடங்கு. வீட்டில் கண்ணளவாக மருந்து கொடுக்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அளவைப் போலவே இனமும் முக்கியம். மரபணு மாற்றத்தைக் கொண்ட கோலி இன நாய்களின் மூளைக்குள் ஐவர்மெக்டின் எளிதில் புகுந்துவிடுகிறது. மிகச்சிறிய இதயப்புழு அளவைத் தாங்கும் அவை, பெரிய அளவைத் தாங்குவதில்லை. நாயின் முதுகில் சொட்டும் பெர்மெத்ரின் மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. அதைப் பூனைக்கு இட்டாலும், மருந்திட்ட நாயை ஒட்டிப் பூனை படுத்தாலும், நடுக்கமும் வலிப்பும் தோன்றி உயிர்க்கு இடர் நேரலாம். நாய்க்குப் பயன்படும் ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. நாய்க்கு நன்கு பொருந்தும் ஃபென்பெண்டசோல், புறா இனங்களின் எலும்பு மச்சையைத் தாக்கக்கூடியது; மெர்போக் வளர்ப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் நாயும் பூனையும் புறாவும் இருந்தால், மருந்துப் பெட்டி மூன்றாக இருப்பதே பாதுகாப்பு.

தேவையின்றி மருந்து கொடுப்பதிலும் தீங்குண்டு. மருந்துக்குத் தப்பிய புழுக்களே அடுத்த தலைமுறையை ஈன்று, மருந்துக்கு அடங்காத இனமாகப் பெருகும். ஆட்டு மந்தைகளில் பல நாடுகள் இதை ஏற்கெனவே கண்டுள்ளன. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் இதயப்புழுவிலும் கண்டுள்ளனர்.

நாம் செய்யத் தக்கவை

மருத்துவரிடம் செல்லுமுன் நான்கு வினாக்களை எழுதிச் செல்வது நன்று. எந்த ஒட்டுண்ணிக்காக இம்மருந்து? இன்றைய எடைக்கு எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஏன்? இவ்வீட்டிலுள்ள மற்ற உயிர்களுக்கு இதனால் தீங்குண்டா? விடைகளை நாட்காட்டியில் குறித்து வைத்தால், மருந்தைத் தவறவிடுவதும் இருமுறை கொடுப்பதும் நேரா.

வேலி நம் கையில் உள்ளது. புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதம் தனியறையில் வைத்துப் பார்த்தல், கூண்டையும் படுக்கையையும் தூய்மையாக வைத்தல், கழிவை அன்றே அகற்றல், டெங்கிக்காக நாம் பழகியவாறே தேங்கிய நீரைக் கொட்டல் ஆகியவை எந்த மருந்துக் கடையிலும் விற்கப்படுவதில்லை. களையெடுப்புக்கு மருத்துவரின் அறிவு வேண்டும். வேலிக்கு வீட்டாரின் ஒழுங்கு வேண்டும். ஒன்றன் குறையை மற்றொன்று முழுதும் நிரப்பாது.

வகுப்பறையில் இப்பாடத்தை எடுத்துச் சொல்லும் ஆசிரியர், உயிரியலோடு கணக்கையும் சொல்லின் பொருளையும் ஒருங்கே கற்பிக்கிறார். தன் உடலில் என்ன நேர்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிரை வீட்டில் வளர்ப்பவர், அதன் பொருட்டு நாள் எண்ணவும் எடை பார்க்கவும் கடமைப்பட்டவர்.